நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பழகினால் தூக்கத்தில் பல் கடிப்பது நிற்குமா?

தலவாக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 5க்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வந்தும் மாதிரி வினாத்தாள் திருத்துவதுதான் வேலை. கொஞ்ச காலமாகக் காலையில் எழும்பும்போது காதுக்கு முன்னால், தாடை மடங்கும் இடத்தில் நோவு. பாண் ஓரத்தைக் கடித்தால்கூட வலிக்கிறது. நெற்றிப்பொட்டு இரண்டும் கனக்கும். பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் லேசாகும்.

ராத்திரி நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். நான் நம்பவில்லை. அப்புறம் அடுத்த அறையில் படுத்திருந்த மாமியார், எலி எதையோ சுரண்டுகிறது என்று எழும்பி லைட்டைப் போட்டு அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடியிருக்கிறார். அதற்குப் பிறகு நம்பாமல் என்ன செய்வது.

ஓர் இடத்தில் காட்டினேன். பல்லில் ஓட்டை இல்லை என்று சொல்லி, வலிக்கு மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பையன், நாள் முழுக்க நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை சரியான நிலைக்கு வரும், பல் கடிப்பது தானாக நின்றுவிடும், முகவெட்டும் மாறும் என்கிறான். முகவெட்டு எனக்கு இந்த வயதில் தேவையில்லை, நோவு போனால் போதும் என்று அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது நாடிக்குக் கீழேயும் நோகிறது.

நாக்குக்கும் பல் கடிப்பதற்கும் உண்மையில் சம்பந்தம் இருக்கிறதா? சும்மா இருக்கும்போது தாடையை எப்படி வைத்திருக்க வேண்டும்? பகலில் பழகினால் ராத்திரிக்கும் உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகலை வீட்டுக்காரி:

டீச்சர், முதலில் பூச்சி மருந்து குடித்துப் பாருங்கள். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்றுதான் எங்கள் அம்மாயி சொல்வார். என் மகனுக்கு 6 வயது, அவனும் இப்படித்தான் கடிக்கிறான். வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான், குறட்டை வேறு. பூச்சி மருந்து கொடுத்தோம். அதற்குப் பிறகும் கடிக்கிறான் என்பது வேறு கதை.

பல்லு மிஸ்:

டீச்சர், ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளின் பற்சிகிச்சை நிலையங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மேலே இருப்பது பிள்ளைகள் வைத்த பெயர். மகரகமவில் பயிற்சி எடுத்தேன். சின்னப் பிள்ளைகளின் பல்தான் என் தொழில், டாக்டர் இல்லை. ஆனால் பல் கடிக்கும் ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பெரிய டாக்டர்மாரைக் கண்ட இடத்தில் பிடித்துவைத்துக் கேட்டேன். கொஞ்சம் நீளமாக வரும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள். சாயத்தைக் குறைத்து ஊற்றுங்கள், காரணம் பிறகு.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. விழித்திருக்கும்போது தெரியாமலே பல்லை இறுக்கி வைத்திருப்பது ஒன்று, தூக்கத்தில் நறநறப்பது இன்னொன்று. புத்தகத்தில் இரண்டையும் ப்ரக்ஸிஸம் என்றுதான் போடுவார்கள். ஆனால் வருகிற வழி வேறு. நாக்கையும் தாடையையும் சரியாக வைத்துப் பழகுவது முதலாவதற்கு நன்றாக உதவும். இரண்டாவதை அதைக் கொண்டு நிறுத்த முடியாது. அந்த வீடியோப் பையன் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறான்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கையின் நடுவிரலையும் காதுமடலுக்குக் கீழே, தாடை வளையும் மூலைக்குச் சற்று முன்னால் வையுங்கள். கடைவாய்ப் பல்லை இறுக்குங்கள். விரலுக்கு அடியில் ஒரு திரட்சி எழும்பும், அதுதான் மெல்லும் தசை. விரலை நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோய் மறுபடியும் இறுக்குங்கள், அங்கேயும் அசையும். அதுவும் தாடையைத் தூக்கும் தசைதான். ராத்திரி முழுக்க அது வேலை செய்திருந்தால் காலையில் பொட்டு கனக்காமல் என்ன செய்யும்?

சரி, பல்லைத் தளர விடுங்கள். சும்மா இருக்கும் வாயில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. இது படித்தவர்களுக்கே தெரியாது. வாயை மூடினால் பல்லையும் மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதடு மூடியிருக்க வேண்டும், உள்ளே பல் விலகியிருக்க வேண்டும். முன்பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருப்பது வழக்கம். சாப்பிடுவது, எச்சில் விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் பல்லோடு பல் படும் நேரம் சுமார் 20 நிமிடம்தான் என்று கணக்குச் சொல்வார்கள். மிச்ச நேரமெல்லாம் தசைக்கு ஓய்வு. நீங்கள் வினாத்தாள் திருத்தும் நேரம் முழுக்கப் பல்லைச் சேர்த்தே வைத்திருந்தால், பலமாகக் கடிக்கவே வேண்டியதில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே தசை களைத்து நோகத் தொடங்கிவிடும்.

நாக்கின் இடத்தைக் கண்டுபிடிப்பது லேசு. 'தேன்' என்று சொல்லி, கடைசி எழுத்திலேயே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கும். பல்லில் முட்டாமல், அந்த இடத்தில் லேசாகச் சாய்ந்திருந்தால் போதும். உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுங்கள். பல் தானாக விலகி நிற்பது தெரியும். நாக்கு பல்லைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்க வேண்டாம். நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போகும்போதுதான் பல் இறுகியிருப்பது பிடிபடும். பாதிப் பலன் அந்தக் கவனத்தில்தான் இருக்கிறது.

அழுத்துவது மட்டும் வேண்டாம். நாக்கின் அடித்தசைகள் நாடிக்குக் கீழே, கழுத்தில் உள்ள ஒரு சின்ன எலும்போடு சேர்ந்திருக்கின்றன. நாள் முழுக்க நாக்கை மேலே தள்ளிக்கொண்டிருந்தால் அவைதான் பாடுபடும். உங்களுக்கு நாடிக்குக் கீழே நோவு வந்தது அதனால்தான் இருக்கும். இரண்டு நாள் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள்.

முகவெட்டு மாறும் என்ற கதைக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பழக்கத்துக்கு மியூயிங் என்று பெயர் வந்தது இங்கிலாந்தின் ஜான் மியூ, மைக் மியூ என்ற தகப்பன், மகனால். இருவரும் பல் சீரமைப்பு வைத்தியர்களாக இருந்தவர்கள். மகனின் பெயரைப் பல் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி 2024இல் அங்குள்ள விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது. வளர்ந்த ஆளின் தாடை எலும்பு நாக்கை வைப்பதால் மாறும் என்பதற்குச் சான்று இல்லை. தங்கச்சியிடமும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பல் கடித்தது அம்மா. கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் போட்டு, பாரம் முழுவதும் தலையும் கழுத்தும் வாங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஏறி வரும்போது கழுத்து முன்னுக்கு நீண்டிருக்கும், கன்னத்தின் தசை இறுகித் துடிப்பது தூரத்திலிருந்தே தெரியும். தலை முன்னுக்குப் போனால் கீழ்த்தாடை பின்னுக்கு இழுபடும், பல் படும் இடமும் மாறும். கூடையை இறக்கி வைத்த பிறகும் அந்த இறுக்கம் போகாது. லயத்துக்கு வந்து சோறு வடிக்கும்போதும் வாய் அப்படியே இருக்கும். நான் பயிற்சி முடித்து வந்த புதிதில் அம்மாவின் வாயைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. கன்னத்தின் உள்பக்கம் பல் வரிசைக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம்.

இந்த மூன்றையும் கண்ணாடி முன்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். நாக்குத் தடம் மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், கடிக்காதவர்களுக்கும் அது இருக்கலாம்.

நீங்கள் கூடை தூக்கவில்லை, ஆனால் கொப்பிக்கு மேலே குனிந்து அதே கழுத்தோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். தலவாக்கலைக் குளிருக்குத் தோளையும் காதுவரை தூக்கி வைத்திருப்பீர்கள். மேசையில் இரண்டு தடித்த புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் வினாத்தாளை வைத்துத் திருத்துங்கள். சால்வையைத் தோளில் போடுங்கள். பாடசாலையில் மணி அடிக்கும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் மூச்சை மெதுவாக விட்டு, தோளை இறக்கி, 'தேன்' சொல்லி விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். வீட்டில் மணி இல்லையென்றால் சிவப்புப் பேனாவின் மூடியில் ஒரு பொட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். பேனாவைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அந்தப் பழக்கம் இல்லாத டீச்சரை நான் கண்டதில்லை.

இனி ராத்திரி விஷயம். தூங்கிய பிறகு நாக்கை எங்கே வைப்பது என்பது நம் கையில் இல்லை, தசை தளர்ந்துவிடும். தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் மேலோட்டமான தூக்கத்தில் நடக்கிறது. மூளை சில நொடிக்கு லேசாக விழிப்பு நிலைக்கு வரும், இதயத் துடிப்பு கூடும், அதற்குப் பிறகுதான் தாடைத் தசை இயங்கும். அதனால் காரணத்தைத் தாடையில் தேடிப் பலனில்லை. பல் வரிசை கோணலாக இருப்பதால்தான் கடிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், பல்லை ராவிச் சமன் செய்வதும் நடந்தது. இப்போது அந்தக் கருத்து போய்விட்டது. இதற்காகப் பல்லை ராவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கதிரையை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

பயப்படவும் தேவையில்லை. வேறு நோய் இல்லாத ஆளுக்குப் பல் கடிப்பதை ஒரு நோயாகவே எடுக்க வேண்டாம், அது தசையின் ஒரு செயல் என்று 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து கருத்து வெளியிட்டார்கள். ஆனால் பல் தேய்ந்தாலோ, உடைந்தாலோ, உங்களைப் போல நோவு வந்தாலோ விடக் கூடாது.

தூக்கத்தைக் கலைக்கும் எதுவும் இதைக் கூட்டும். மனப்பாரம் கட்டாயம் உண்டு, பரீட்சைக் காலத்தில் உங்களுக்கு அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடி, சிகரெட் உங்களுக்குப் பொருந்தாது என்று விட்டுவிடுகிறேன். நெஞ்செரிச்சல் உண்டா? குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஏற்கெனவே விழித்துக் கிடக்கும் மனிதர்தானே. தேத்தண்ணிக்கும் பங்கு உண்டு. தோட்டத்தில் பிறந்தவள், தேத்தண்ணியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வினாத்தாளோடு ராத்திரி 9 மணிக்குக் குடிக்கும் அந்தச் சாயம் கூடிய பிளேன்டீயை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி, ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? இங்கே சொல்ல விருப்பமில்லை என்றால் டாக்டரிடமாவது சொல்லுங்கள்.

பூச்சி மருந்தைப் பற்றி: வருடக்கணக்காகப் பிள்ளைகளின் வாயைப் பார்த்திருக்கிறேன். பூச்சி இருந்த பிள்ளையும் கடிக்கும், இல்லாத பிள்ளையும் கடிக்கும். பூச்சிக்குப் பூச்சி மருந்து கொடுங்கள், பல்லுக்காகக் கொடுக்க வேண்டாம்.

லொறிக்காரன்:

பல்லு மிஸ் சொன்னதை வாசித்துக்கொண்டே தாடையில் விரலை வைத்துப் பார்த்தேன், இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிற ஆள் நான். ரம்பொடை வளைவில் லீக்ஸ் மூட்டைகளோடு இறங்கும்போது பல்லைத் தளர்த்தி வைக்க யாரால் முடியும் என்று தெரியவில்லை. இருந்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு ஒட்டப் போகிறேன்.

ராத்திரிக்குப் போடும் கவசம் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றில் அடைத்திருந்தது இரண்டு முறை உடைந்தது. அப்புறம்தான் அச்சு எடுத்து அக்ரிலிக்கில் கெட்டியான நைட் கார்ட் ஒன்று செய்து தந்தார்கள். அதற்கு முன்னால் ஆன்லைனில் வாங்கிய மெத்தென்ற ஒன்று இருந்தது. அதைப் போட்டால் ராத்திரி முழுக்க மாடு அசைபோடுகிற மாதிரி மென்றுகொண்டே இருந்தேன், விடிந்தால் தாடை இன்னும் மோசம். கெட்டியானது பரவாயில்லை. கடிப்பது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கவசத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது, அது இல்லாவிட்டால் அந்தப் பள்ளம் என் பல்லில்தான். பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும்.

இன்னொன்று, டீச்சர். மூச்சு நிற்கிறதா என்று மிஸ் கேட்டதைச் சும்மா விடாதீர்கள். எனக்கு நின்றது. வீட்டில் பயந்துபோய் கண்டிக்குக் கூட்டிப்போனார்கள், தூங்க வைத்து வயர் எல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள். இப்போது மூக்கில் மாட்டும் மெஷினோடுதான் படுக்கிறேன். பகலில் ஸ்டியரிங்கில் கண் சொருகுவது போய்விட்டது. பல் சத்தமும் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். முன்பு நித்திரை வராமலிருக்க வழி முழுக்க வெற்றிலைதான், இப்போது அது பழக்கத்துக்கு மட்டும்.

தலவாக்கலை டீச்சர்:

பல்லு மிஸ், மிகவும் நன்றி. லொறித் தம்பிக்கும் நன்றி. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக் கோடு இரண்டு கன்னத்திலும் இருக்கிறது. பல் தேய்ந்திருப்பது எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அழுத்துவதை விட்டதும் நாடிக்குக் கீழே நோவு குறைந்துவிட்டது.

மணி அடிக்கும்போது பார்க்கச் சொன்னீர்களே, பார்த்த நேரமெல்லாம் பல் சேர்ந்துதான் இருந்தது. கணக்குப் பாடத்தில் மிக மோசம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மணி அடித்ததும் வகுப்பு முழுக்க 'தேன்' என்கிறது, பக்கத்து வகுப்பு சேர் வந்து என்ன விசேஷம் என்று கேட்கிறார்.

குறட்டை இல்லையாம், மூச்சும் நிற்பதில்லையாம். ஆனால் மாத்திரை எடுக்கிறேன். அப்பா போன பிறகு மனம் சரியில்லாமல் க்ளினிக்கில் செர்ட்ரலின் தொடங்கினார்கள். யோசித்துப் பார்த்தால் தாடை நோவு அதற்குப் பிறகுதான். விட்டுவிடட்டுமா? மனம் இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

பல்லு மிஸ்:

விடவே வேண்டாம் டீச்சர். இதைத்தான் முதலில் சொல்ல வந்தேன். செர்ட்ரலின், ஃபுளுவொக்செடின் வகை மாத்திரைகளால் சிலருக்குப் பல் கடிப்பது தொடங்கும் அல்லது கூடும், இது டாக்டர்மாருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், நித்திரை கெடும், பழைய துக்கம் திரும்பி வரும். அடுத்த க்ளினிக் நாளில் கொப்பியைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: மாத்திரை தொடங்கியது எப்போது, நோவு தொடங்கியது எப்போது, பல் சத்தம் உண்டு என்று. அளவை மாற்றுவதா, வேறு மாத்திரைக்குப் போவதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், சனம் வரிசையில் நிற்கும்போது பல்லைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம்? நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பல் டாக்டரிடமும் மறுபடி ஒருமுறை போங்கள். ஓட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். பல் கடிக்கிறேன், தேய்ந்திருக்கிறதா பாருங்கள், காதுக்கு முன்னால் மூட்டைத் தொட்டுப் பாருங்கள் என்று கேளுங்கள். கவசம் தேவையா என்பது அதற்குப் பிறகு. அதுவரை காலையில் எழும்பியதும் சூடான துணியை இரண்டு கன்னத்திலும் கொஞ்ச நேரம் வையுங்கள். பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாயைப் பெரிதாகப் பிளந்து கொட்டாவி விடாதீர்கள், நாடிக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

ராகலைத் தங்கச்சி, உங்கள் மகன் விஷயம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் பலர் பல் கடிப்பார்கள், பெரிய பல் முளைத்து வளர வளர அநேகமாக நின்றுவிடும். அதற்காகக் கவலை வேண்டாம். ஆனால் வாயைத் திறந்து தூங்குவதும் குறட்டையும் சேர்ந்திருந்தால், தொண்டைச் சதையோ மூக்குக்குப் பின்னால் உள்ள சதையோ வீங்கியிருக்கலாம். மூக்கால் மூச்சு போகாதபோது வாய் திறக்கிறது, நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம் நாக்கை மேலே வை என்று சொல்லிப் பயனில்லை, முதலில் மூக்கு திறக்க வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அவன் தூங்குவதைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் பிள்ளை குறட்டை விட்டுக் காட்டாது.

லொறித் தம்பி, வெற்றிலை பழக்கத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கு வாயின் உள்தோலை விறைக்க வைக்கும். தாடை இறுகிவிட்டது, பல் கடிப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களில் சிலருக்குக் காரணம் பாக்காக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது புற்றுநோய் வரைக்கும் போகும் பாதை. உங்கள் மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பல்லுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால், அல்லது மிளகாய் பட்டால் வாய் முன்பைவிட எரிகிறது என்றால், அடுத்த தம்புள்ளைப் பயணத்தில் கண்டியில் நிறுத்தி, பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டிவிட்டு மூட்டையை இறக்குங்கள்.